பேக்கார்ட் பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன்

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். என் ஷெட்டில் 1948ஆம் ஆண்டு பேக்கார்ட் கார் ஒன்று பதினொரு வருடமாக நிற்கிறது. நிற்கிறது என்றால் ஓடவும் செய்கிறது. பழைய கார் பைத்தியம் பிடித்த நம்மவர்கள் சிலர் அந்த வண்டியைப் பற்றியும் அந்தக் கம்பெனியைப் பற்றியும் கேட்ட கேள்விகளுக்கு, தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், பேக்கார்ட் என்றால் ஹியூலெட்-பேக்கார்ட் கம்ப்யூட்டர்க்காரர்களா? கார் கூட செய்தார்களா?

பதில்: பெயர் மட்டும்தான் ஒன்று, உறவு கிடையாது. இது ஒஹையோ மாநிலத்தில் வாரன் என்ற சிறிய ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் வார்ட் பேக்கார்ட், வில்லியம் டவுட் பேக்கார்ட் என்ற அண்ணன் தம்பிகளின் கம்பெனி. மின்விளக்கும் மின்சாதனங்களும் செய்துகொண்டிருந்தவர்கள். 1898இல் ஜேம்ஸ், கிளீவ்லேண்டில் விண்டன் என்பவர் செய்த காரை வாங்கினார். ஊர் வந்து சேர்வதற்குள் வண்டி படுத்துவிட்டது, குதிரை கட்டி இழுத்து வந்தார்கள் என்பது கதை. போய்க் குறை சொன்னார், இப்படி மாற்றலாம், அப்படி மாற்றலாம் என்று யோசனையும் சொன்னார். "அவ்வளவு கெட்டிக்காரர் என்றால் நீங்களே ஒன்று செய்துகொள்ளுங்களேன்" என்று விண்டன் எரிந்து விழுந்தாராம். செய்துவிட்டார். விண்டன் கம்பெனியிலிருந்தே இரண்டு பேரைக் கூட்டி வந்து, 1899 நவம்பர் 6ஆம் தேதி முதல் பேக்கார்டை வாரன் தெருவில் ஓட்டினார்கள். ஒற்றை சிலிண்டர் வண்டி. அது இன்னும் இருக்கிறது. ஜேம்ஸ் படித்த லீஹை பல்கலைக்கழகத்தில் வைத்திருக்கிறார்கள்.

நுணுக்கப் பைத்தியம் அவர். பின்னாளில் கைக்கடிகாரம், பைக்கடிகாரம் என்று சேர்க்க ஆரம்பித்து, வாரன் ஊரின் வானத்தில் தெரியும் நட்சத்திரங்களைக் காட்டும் கடிகாரம் ஒன்றை சுவிட்சர்லாந்தில் சொல்லிச் செய்து வாங்கினார். இப்படிப்பட்ட ஆளிடம் போய் அரைகுறை வண்டியை விற்றது விண்டனின் நேரம்.

கேள்வி: "வைத்திருப்பவரைக் கேளுங்கள்" என்ற விளம்பரம் இவர்களுடையதுதானே?

பதில்: இவர்களுடையதுதான். ஒருவர் வண்டியைப் பற்றி விவரம் கேட்டுக் கடிதம் போட்டிருந்தார். அனுப்ப அச்சடித்த விவரத்தாள் எதுவும் இல்லை. "வைத்திருக்கும் ஆளைப் போய்க் கேட்கச் சொல்" என்றாராம் ஜேம்ஸ். 1901 வாக்கில் விளம்பரத்தில் ஏறிய அந்த வரி, கம்பெனி இருந்த காலம் முழுவதும் நிலைத்தது. நீங்களும் இப்போது அதைத்தான் செய்கிறீர்கள்.

கேள்வி: ரோல்ஸ் ராய்ஸ், காடிலாக் எல்லாம் தெரியும். அந்த வரிசையில் பேக்கார்டை வைக்கலாமா? கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்களோ என்று தோன்றுகிறது.

பதில்: 1920களில் அமெரிக்காவில் போய் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் உங்களைத்தான் விசித்திரமாகப் பார்த்திருப்பார்கள். அந்தப் பத்தாண்டில் விலை உயர்ந்த காரில் விற்பனையிலும் மரியாதையிலும் முன்னால் நின்றது பேக்கார்ட். 1928இல் மட்டும் ஏறக்குறைய 50,000 வண்டி செய்தார்கள். 1921இல் வாரன் ஹார்டிங் ஜனாதிபதியாகப் பதவியேற்கக் காரில் போனார், அப்படிப் போன முதல் ஜனாதிபதி அவர்தான். ஏறிப் போனது பேக்கார்டின் 12 சிலிண்டர் வண்டி, ட்வின் சிக்ஸ். அதை 1915இலேயே ஜெஸ்ஸி வின்சென்ட் என்ற பொறியாளர் கொண்டுவந்துவிட்டார். முதல் உலகப் போரில் லிபர்ட்டி விமான இன்ஜினை வடிவமைத்த இருவரில் ஒருவரும் இவரே.

டெட்ராய்டுக்கு 1903இல் வந்தார்கள். பணம் போட்டுக் கூட்டி வந்தவர் ஹென்றி ஜாய். அங்கே ஆல்பர்ட் கான் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய தொழிற்சாலையில் 1905இல் எழுந்த பத்தாம் எண் கட்டடம், இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட்டில் டெட்ராய்ட் பார்த்த முதல் கார் தொழிற்சாலை. மரத்தூண்கள் நெருக்கி நின்ற பழைய ஆலைகளைப் போல இல்லாமல் வெளிச்சமும் இடமும் தாராளம்.

மிகை என்றால், காடிலாக்கை மட்டம் தட்டிச் சொல்வது மிகை. அதை நான் சொல்லவில்லை.

கேள்வி: உலகத்தின் முதல் ஏ.சி. கார் பேக்கார்ட் என்று எங்கள் வாத்தியார் சொல்வார். உண்மையா அண்ணே?

பதில்: கம்பெனியே பொருத்தி விற்ற முதல் ஏ.சி. என்று சொன்னால் சரி. 1940 மாடலுக்கு வந்தது. 274 டாலர் கூடுதல், அந்த வருடம் அவர்களின் மலிவான வண்டியின் விலையே 900 டாலருக்குள்தான். பின் சீட்டுக்குப் பின்னால் இருந்த கருவி டிக்கியில் பாதியை விழுங்கிக்கொண்டது. வேடிக்கை என்ன தெரியுமா, கம்ப்ரசருக்குக் கிளட்ச் கிடையாது. குளிர் வேண்டாம் என்றால் வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்தி, பானட்டைத் திறந்து, கம்ப்ரசர் பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும். குளிர்காலம் முழுக்கப் பெல்ட் வீட்டு ஆணியில் தொங்கும். உள்ளே இருப்பது காற்றாடி வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சுவிட்ச் மட்டும். போர் வந்ததும் நிறுத்தினார்கள், மறுபடி 1953இல்தான் கொடுத்தார்கள். என் வண்டியில் ஏ.சி. இல்லை. முன் கண்ணாடி ஓரத்தில் உள்ள முக்கோணக் கண்ணாடியைத் திருப்பினால் காற்று முகத்தில் அடிக்கும், அதுதான் எனக்கு ஏ.சி.

கேள்வி: உங்கள் வண்டியைப் பற்றிச் சொல்லுங்கள். ஓட்ட எப்படி இருக்கும்?

பதில்: இதற்காகத்தான் காத்திருந்தேன்.

1948 எய்ட் மாடல், நான்கு கதவு. அந்த வருடத்து உடலமைப்புக்கு அமெரிக்கர்கள் வைத்த பட்டப்பெயர் 'சினை யானை'. பக்கவாட்டில் பார்த்தால் கோபித்துக்கொள்ள முடியாது, அப்படித்தான் இருக்கும். எட்டு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் 4.7 லிட்டர் இன்ஜின், 130 குதிரைத் திறன். அந்தக் கால மதிப்பில் நிறைய. எடையோ ஏறக்குறைய 1,700 கிலோ. அதனால் சிக்னலில் பாய்ச்சலை எதிர்பார்க்காதீர்கள். எழுந்து நடக்க ஆரம்பித்த யானையை நிறுத்துவதுதான் கஷ்டம், எழுப்புவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

ஆனால் அந்த அமைதி! வரிசை எட்டு இன்ஜின் நல்ல டியூனிங்கில் இருந்தால் சும்மா ஓடும்போது ஓடுவதே தெரியாது. ஸ்டார்ட் செய்வதும் வேறு மாதிரி. சாவியைத் திருப்பி, ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்தால் செல்ஃப் எடுக்கும். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அதன் உறிஞ்சு விசை அந்தச் சுவிட்சைத் துண்டித்துவிடும். ஆக, ஓடுகிற இன்ஜினுக்கு மறுபடி செல்ஃப் போட்டுப் பல்சக்கரத்தை உடைக்க முடியாது. அந்த யோசனைக்கு எழுபது வயதுக்கு மேலாகியும் எனக்கு அலுக்கவில்லை.

ஸ்டீயரிங் கல்யாணத் தாம்பாளம் அளவு இருக்கும். பவர் ஸ்டீயரிங் இல்லை. நின்ற இடத்தில் திருப்பினால் தோள்பட்டை கேள்வி கேட்கும், உருளவிட்டுத் திருப்ப வேண்டும். கியர் ஸ்டீயரிங் தண்டிலேயே, மூன்றுதான், அதோடு ஓவர்டிரைவ், அதாவது வேகமாகப் போகும்போது இன்ஜினை மெதுவாகச் சுழலவிடும் கூடுதல் கியர், இருக்கிறது. நெடுஞ்சாலையில் அதைப் போட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை ஒரு நொடி எடுத்தால் 'டக்' என்று விழுந்து, இன்ஜின் சத்தம் அப்படியே அடங்கும். மணிக்கு 55 மைலில் சோபாவில் உட்கார்ந்து போவது போல இருக்கும்.

பிரேக்கைப் பற்றி மட்டும் எச்சரிக்கிறேன். நான்கு சக்கரத்துக்கும் டிரம், ஆனால் ஹைட்ராலிக் குழாய்த் தடம் ஒன்றே ஒன்று. எங்காவது ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் நான்கும் போச்சு. வாங்கிய வாரமே எல்லா ஹோஸ்களையும் மாற்றினேன். யார் பழைய வண்டி வாங்கினாலும் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

கேள்வி: ஆறு வோல்ட் பேட்டரி என்றால் காலையில் செல்ஃப் எடுக்குமா? பன்னிரண்டுக்கு மாற்றிவிடலாமே?

பதில்: எல்லோரும் கேட்பது, எல்லோரும் தவறாகவே புரிந்துகொள்வது. ஆறு வோல்ட்டில் குறையில்லை. அதே வேலைக்கு இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும், அதற்கு ஏற்ற தடிமனான கேபிள் வேண்டும், அவ்வளவுதான். கடையில் பன்னிரண்டு வோல்ட்டுக்கு விற்கிற மெலிந்த கேபிளைப் போட்டுவிட்டு 'செல்ஃப் வீக்' என்கிறார்கள். நானே இரண்டு பேட்டரி மாற்றிய பிறகுதான் கேபிளைப் பார்த்தேன். பெருவிரல் தடிமனுக்குக் கேபிள் வந்தது, மிச்சிகன் குளிரிலும் எடுக்கிறது.

இன்னொன்று. இந்த வண்டிக்கு எர்த் பாசிட்டிவ். பேட்டரியின் பிளஸ் முனை சேஸிஸுக்குப் போகும். ஒரு முறை கிரீஸ் அடிக்க ஒரு பட்டறையில் விட்டிருந்தேன். அங்கே இருந்த பையன் பேட்டரியைக் கழற்றி, துடைத்து, நம் காலத்துப் பழக்கப்படி மைனஸை எர்த்தில் மாட்டி, பொறுப்பாக இறுக்கியும் வைத்தான். வண்டி ஸ்டார்ட் ஆனது. அதுதான் கொடுமை, ஆகாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். வீட்டுக்கு வரும் வழியில் அம்மீட்டர் முள் தலைகீழாகப் போவதைப் பார்த்துவிட்டு யோசித்துக்கொண்டே வந்தேன். வீடு வந்து திறந்தபோது ஜெனரேட்டரையும் பேட்டரியையும் சேர்த்துப் பிரிக்கும் கட்-அவுட் சுவிட்சின் பாயின்ட் கருகியிருந்தது. பையனைத் திட்டி என்ன பயன்? பேட்டரி மேல் சிவப்புப் பெயின்ட்டில் எழுதி வைக்காதது என் தப்பு. இப்போது இருக்கிறது.

கேள்வி: வெயில் காலத்தில் திடீரென்று நின்றுவிடும் என்கிறார்களே?

பதில்: அது பெட்ரோல் குழாயில் ஆவி கட்டிக்கொள்வது. இன்றைய பெட்ரோல் அன்றையதைவிடச் சீக்கிரம் ஆவியாகும், எத்தனால் வேறு கலக்கிறார்கள். குழாய் முழுக்கத் துணி கிளிப் மாட்டினால் சரியாகும் என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். நானும் இருபது கிளிப் மாட்டிப் பார்த்தேன். கொடியில் துணி காயப்போட்ட மாதிரி இருந்ததே தவிர வண்டி நின்ற இடத்தில்தான் நின்றது. டேங்க் பக்கத்தில் சின்ன எலெக்ட்ரிக் பம்ப் வைத்தேன், அதோடு தொல்லை ஒழிந்தது.

கேள்வி: மைலேஜ்? செலவு?

பதில்: லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர். இன்ஷூரன்ஸ் சேகரிப்பு வண்டி என்பதால் மலிவு, தினமும் ஆபீசுக்கு ஓட்டக் கூடாது என்பது நிபந்தனை. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை அடியில் படுத்துக் கிரீஸ் அடிக்க வேண்டும். இன்ஜின் பாகம் பெரும்பாலும் கிடைக்கிறது. கிடைக்காதது பளபளக்கும் வெளிச் சாமான்தான், ஒரு பின்விளக்குக் கண்ணாடிக்கு எட்டு மாதம் அலைந்தேன்.

கேள்வி: இரண்டாம் உலகப் போரின் மஸ்டாங் போர் விமானத்தில் இருந்தது பேக்கார்ட் இன்ஜினாமே?

பதில்: வடிவமைப்பு ரோல்ஸ் ராய்ஸுடையது, மெர்லின் இன்ஜின். பிரிட்டனுக்குத் தேவைப்பட்ட அளவு அங்கே செய்து முடியாது. அமெரிக்காவில் யாராவது செய்ய வேண்டும். ஹென்றி ஃபோர்டு பிரிட்டனுக்காகச் செய்ய மாட்டேன் என்று கைவிரித்தார். 1940 செப்டம்பரில் பேக்கார்ட் ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் வரைபடங்களை அமெரிக்க முறையில் திரும்ப வரைந்து, ஒரு வருடத்துக்குள் முதல் இன்ஜின்களை ஓட்டிக் காட்டினார்கள். போர் முடிவதற்குள் 55,000க்கு மேல். மஸ்டாங் மட்டும் இல்லை, லங்காஸ்டர், மஸ்கிட்டோ விமானங்களிலும் இவை போயின. கடற்படையின் டார்பிடோ படகுகளில் ஆளுக்கு மூன்று பேக்கார்ட் இன்ஜின், அது அவர்களின் சொந்த வடிவமைப்பு.

கேள்வி: ஸ்டாலினுக்கு ரூஸ்வெல்ட் பேக்கார்டின் உடல் தகடு அடிக்கும் அச்சுகளையே கொடுத்துவிட்டார் என்று படித்தேன்.

பதில்: ஸ்டாலினுக்கு பேக்கார்ட் பிடிக்கும், வைத்திருந்தார். 1945இல் வந்த சோவியத் ஸிஸ்-110 வண்டி, போருக்கு முந்தைய பெரிய பேக்கார்டை அச்சு அசலாக நினைவுபடுத்தும், அதுவும் சரி. ஆனால் இரண்டையும் ஒப்பிட்டு அளந்தவர்கள், ஒன்றின் தகடு மற்றதில் பொருந்தாது என்கிறார்கள். அச்சு கொடுத்திருந்தால் பொருந்தியிருக்குமே. பார்த்துச் செய்திருக்கிறார்கள், நன்றாகவே செய்திருக்கிறார்கள்.

கேள்வி: இவ்வளவு பெருமை இருந்தும் ஏன் மூடினார்கள்? மலிவு விலை கார் செய்து பெயரைக் கெடுத்துக்கொண்டதால் என்றுதான் எங்கும் சொல்கிறார்கள்.

பதில்: இந்தக் கதை எனக்குப் பிடிக்காது. நீளமாகவே சொல்கிறேன்.

1930களின் பொருளாதார நெருக்கடியில் பெரிய கார் வாங்க ஆளில்லை. 1934இல் பேக்கார்ட் மொத்தமே பத்தாயிரம் வண்டியைத் தொடவில்லை. 1935 ஜனவரியில் 'ஒன் ட்வென்டி' என்ற மாடலை 980 டாலரில் தொடங்கும் விலைக்கு விட்டார்கள். முன் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன், ஹைட்ராலிக் பிரேக், நல்ல எட்டு சிலிண்டர் இன்ஜின். மலிவு என்று எதையும் குறைத்த வண்டி இல்லை அது. முதல் வருடமே 25,000 அருகில் போனது. அதே காலத்தில் மலிவு வண்டி செய்யாமல் மானத்தோடு இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? பியர்லெஸ் போச்சு, டியூசன்பர்க் 1937இல் போச்சு, பியர்ஸ்-ஆரோ 1938இல் போச்சு. ஒன் ட்வென்டி இல்லாவிட்டால் பேக்கார்டும் அந்தச் சுடுகாட்டுக்குத்தான் போயிருக்கும். என் வண்டி பிறந்தே இருக்காது.

கேள்வி (அவரே): ஆனால் காடிலாக்கும் லிங்கனும் மலிவு வண்டிக்கு வேறு பெயர் வைத்தார்களே அய்யா?

பதில்: அதுதான் சரியான இடம். காடிலாக்குக்கு லாசால் இருந்தது, லிங்கனுக்கு ஸெஃபர். பேக்கார்ட் எல்லாவற்றுக்கும் ஒரே பெயரை, ஒரே ரேடியேட்டர் முகத்தை வைத்தது. ஆக, செய்தது தப்பில்லை, பெயர் பிரிக்காததும், நெருக்கடி தீர்ந்த பிறகும் மேலே ஏறி வராததும்தான் தப்பு. போர் முடிந்த கையோடு எதைச் செய்தாலும் விற்ற காலத்தில் இவர்கள் நடுத்தர வண்டிகளையே அதிகம் செய்தார்கள். காடிலாக் 1949இல் புது வி-8 இன்ஜினோடு, அதாவது எட்டு சிலிண்டரும் V வடிவில் நிற்கும் இன்ஜினோடு, வந்தது. பேக்கார்டின் வி-8 வந்ததோ 1955இல். 1950 மாடல் வருடத்தில் காடிலாக் லட்சத்தைத் தாண்டியது, பேக்கார்ட் அதில் பாதிகூட இல்லை.

அதோடு முடியவில்லை. காரின் உடல் பாகத்தை பிரிக்ஸ் என்ற வெளிக் கம்பெனியிடம் ஒப்படைத்திருந்தார்கள். 1953 கடைசியில் பிரிக்ஸின் கார் உடல் ஆலைகளை கிரைஸ்லர் வாங்கியது, இனி உங்களுக்குச் செய்ய மாட்டோம் என்றது. போட்டிக்காரன் கையில் நம் சமையலறை! அவசரமாகக் கானர் அவென்யூவில் ஓர் ஆலையைக் குத்தகைக்கு எடுத்து முழுத் தயாரிப்பையும் அதில் திணித்தார்கள். இடம் போதாது. 1955 வண்டிகளின் தரக்குறைவுப் புகார்கள் பலவற்றுக்கு அந்த இட நெருக்கடிதான் காரணம். இதற்கு நடுவில் 1954இல் ஸ்டூடிபேக்கர் என்ற இன்னொரு கார் கம்பெனியை வாங்கினார்கள், அதன் கணக்குகளை ஒழுங்காகப் பார்க்காமலே. கழுத்தில் கல்லைக் கட்டிக்கொண்ட கதை. 1956 ஜூன் 25ஆம் தேதி டெட்ராய்டில் கடைசி பேக்கார்ட். அதன் பிறகு இரண்டு வருடம் ஸ்டூடிபேக்கர் வண்டிக்கு பேக்கார்ட் பெயர் ஒட்டி விற்றார்கள், ஜனங்கள் கிண்டலாக 'பேக்கார்ட்பேக்கர்' என்றார்கள். 1958இல் மொத்தம் 2,622 வண்டி. அத்தோடு சரி.

கேள்வி: நான் டெக்சஸில் இருக்கிறேன். 1955 பேக்கார்ட் பெட்ரீஷியன் ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. வாங்கலாமா, அல்லது உங்களைப் போல 48ஆ?

பதில்: சவாரிக்கு 55க்கு ஈடில்லை தம்பி. முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் நீளமான முறுக்குக் கம்பியால் இணைத்த சஸ்பென்ஷன் அது. முன்னால் மேடு ஏறினால் அந்த விசையைப் பின்பக்கமும் பங்கு போட்டுக்கொள்ளும். டிக்கியில் நாலு மூட்டை ஏற்றினால் ஒரு மின் மோட்டார் ஓடி வண்டியைச் சமமாக்கும். சாலைக் குழிக்கெல்லாம் ஓடிவிடக் கூடாது என்று ஏழு நொடி பொறுத்துத்தான் வேலை ஆரம்பிக்கும்.

நிறுத்தியிருக்கும்போது பின்சீட்டில் இரண்டு பேரை உட்காரவைத்துப் பாருங்கள். சில நொடி கழித்து மோட்டார் சத்தம் கேட்டு வண்டி எழ வேண்டும். எழவில்லை என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். ஆட்டோமேடிக் கியர்பாக்ஸை முழுச் சூடு ஏறிய பிறகு ஓட்டிப் பார்க்காமல் காசைக் கையை விட்டு இறக்காதீர்கள், அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. முதல் பழைய வண்டி என்றால் என் ஓட்டு 48க்குத்தான். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

கேள்வி: பானட் மேல் இருக்கும் பறவை என்ன பறவை அங்கிள்?

பதில்: கம்பெனியே ஒரு காலம் கூழைக்கடா என்றது, ஒரு காலம் நீர்க்காகம் என்றது. என் பேரன் வாத்து என்கிறான்.

கேள்வி: டெட்ராய்ட் தொழிற்சாலையைப் பார்க்க வரலாம் என்றிருக்கிறேன்.

பதில்: தாமதித்துவிட்டீர்கள். பல பத்தாண்டுகள் பாழடைந்து கிடந்தது. 2013இல் ஏலத்தில் வெறும் 405,000 டாலருக்குப் போனது, வாங்கியவராலும் எதுவும் செய்ய முடியவில்லை. 2022இல் இடிக்க ஆரம்பித்து 2024இல் முடித்துவிட்டார்கள், முகப்பில் கொஞ்சம் மட்டும் விட்டிருக்கிறார்கள். வண்டி பார்க்க வேண்டும் என்றால் ஒஹையோவுக்கு வாருங்கள். வாரனில் தேசிய பேக்கார்ட் அருங்காட்சியகம் இருக்கிறது. டேட்டன் நகரில் இன்னொன்று, அது பழைய பேக்கார்ட் ஷோரூம் கட்டடத்துக்குள்ளேயே இருப்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும். வாரன் வருவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள், நானும் வருகிறேன். இங்கிருந்து மூன்றரை மணி நேரம். பேக்கார்டில் வந்தால் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.